செமினி: லயத்துக் கொல்லையும் வீட்டுச் சமையலும்

சிலாங்கூர், உலு லங்காட் மாவட்டத்தில் காஜாங்கிற்கும் பெரானாங்கிற்கும் இடையே உள்ளது செமினி. ரப்பரும் செம்பனையும் நின்ற இந்த வட்டாரத்து நிலங்களில் இன்று வரிசை வரிசையாக வீடமைப்புப் பகுதிகள் எழுந்துள்ளன. தோட்டத்து லயங்களோடு மறைந்தவற்றில் கோயிலைப் பற்றியும் தமிழ்ப்பள்ளியைப் பற்றியும் நிறையப் பேசுகிறோம். லயத்துக்குப் பின்னால் இருந்த கொல்லையைப் பற்றிப் பேசுவோர் குறைவு. முருங்கை, கருவேப்பிலை, மரவள்ளி, வாழை, கத்தரி, பயற்றங்காய், மிளகாய் என்று அன்றாடக் கறிக்கு வேண்டியவை அங்கிருந்துதான் வந்தன. அரிசி, பருப்பு, எண்ணெய், கருவாடு ஆகியவற்றுக்குத்தான் கடைக்குப் போக வேண்டியிருந்தது.

பழந்தமிழில் கொல்லை என்றால் முல்லை நிலத்துப் புன்செய். பேச்சு வழக்கில் அது வீட்டின் பின்புறமாகச் சுருங்கிவிட்டது. தோட்டத்து லயத்தில் மட்டும் இரண்டு பொருளும் ஒன்றாகவே இருந்தன.

இந்தக் கொல்லைக்குச் சட்டத்திலும் இடம் இருந்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, குடும்பத்தோடு வாழும் தொழிலாளிக்குக் காய்கறி பயிரிடவோ மாடு மேய்க்கவோ ஏக்கரில் 16இல் ஒரு பங்கு நிலத்தை முதலாளி ஒதுக்க வேண்டும். அது ஏறக்குறைய 2,700 சதுர அடி. எல்லாத் தோட்டங்களும் இதை ஒழுங்காகக் கடைப்பிடித்ததில்லை. ஆனாலும் இன்றைய நிலையோடு ஒப்பிட்டால் அந்த அளவு வியப்பைத் தரும். 20க்கு 70 அடி மனையில் கட்டிய தரைவீடு ஒன்றின் மொத்தப் பரப்பே 1,400 சதுர அடிதான். அதில் முன்வாசல் காருக்குப் போய்விடும், பின்கட்டு சிமெண்டாகிவிடும். அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனவர்களுக்கு அதுவும் கிடையாது.

ஜப்பானியர் ஆட்சியில் (1941-1945) கொல்லை உயிர் காத்தது. பர்மா, சயாம் அரிசி வரத்துக் குறைந்தபோது மரவள்ளியும் சர்க்கரைவள்ளியுமே சோறாயின. அதைத் தின்று அலுத்தவர்களில் சிலர் பிற்காலத்தில் மரவள்ளியைத் தொடவே மறுத்தார்கள். பிறகு 1974இல் துன் அப்துல் ரசாக் ஆட்சியில் வந்த பசுமைப் புத்தகத் திட்டம், வீட்டைச் சுற்றியுள்ள காலி நிலத்தில் உணவுப் பயிர் வைக்க மக்களைத் தூண்டியது. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது பலரும் மறுபடி மண்வெட்டியைத் தேடினார்கள்.

செமினி போன்ற ஈரமான வட்டாரத்தில் முருங்கையைக் காய்க்காக வைப்பவர் ஏமாறக்கூடும். அடிக்கடி மழை பெய்தால் பூ உதிர்ந்துவிடும். கீரைக்குக் குறைவிருக்காது. மலேசியத் தமிழர் வீட்டில் முருங்கைக்கீரைக்கு நெத்திலிதான் துணை. நெத்திலியை முதலில் பொரித்து எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் வெங்காயம், பூண்டு, காய்ந்த மிளகாய் தாளித்து, கீரையைப் போட்டுக் கிளறி, இறக்கும்போது நெத்திலியைச் சேர்த்தால் மொறுமொறுப்புக் குறையாது. தேங்காய்ப்பால் விட்டால் சொதி.

வாழை ஒன்று போதும், மூன்று கறி கிடைக்கும். காய் வறுவலுக்கு, தண்டு கூட்டுக்கு, பூ வடைக்கு. பூவை ஆயும்போது ஒவ்வொன்றிலும் உள்ள தடித்த நரம்பையும் கண்ணாடி போன்ற இதழையும் எடுத்துவிட்டு மோரில் போட வேண்டும், இல்லாவிட்டால் கறுத்துவிடும். பொறுமை வேண்டிய வேலை இது. தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து செய்வதுதான் வழக்கம்.

கம்பத்து மலாய்க்காரர்களிடமிருந்து நம் அடுப்பங்கரைக்கு வந்தவையும் உண்டு. மரவள்ளிக் கொழுந்தை அவித்துத் தேங்காய்ப்பாலில் சமைப்பது ஒன்று. சாயூர் மானிஸ் என்னும் தவசிக்கீரை இன்னொன்று. அதன் குச்சியை ஒடித்து நட்டாலே வேலியாக வளரும். கொழுந்தைக் கசக்கி, முட்டை உடைத்து ஊற்றிப் பிரட்டினால் சோற்றுக்குப் போதும். இந்த இரண்டிலும் எச்சரிக்கை தேவை. மரவள்ளியின் கிழங்கிலும் இலையிலும் சயனைடு நச்சாக மாறும் பொருள் இருக்கிறது. கிழங்கைத் தோல் நீக்கி நிறைய நீரில் நன்றாக வேகவிட்டு, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். கசக்கும் கிழங்கை உண்ணக்கூடாது. தவசிக்கீரையைப் பச்சையாகச் சாறெடுத்துக் குடிப்பது ஆபத்து. 1990களின் நடுவில் தைவானில் உடல் இளைக்க வேண்டும் என்று அந்தச் சாற்றை நாள்தோறும் குடித்த பலருக்கு நுரையீரலின் சிறு குழாய்கள் மீளாத பாதிப்பை அடைந்தன. சமைத்து, அளவாக உண்ணும் பழக்கமே நம்முடையது.

மண்ணைப் பொறுத்தவரை, மழை அதிகமான இந்த வட்டாரத்தின் மண்ணில் புளிப்புத்தன்மை மிகுதி. சிறிது சுண்ணாம்பும் மக்கிய குப்பையும் கலந்து, பாத்தியை ஒரு சாண் உயர்த்திக்கொண்டால் வேரில் நீர் தேங்காது. கருவேப்பிலைக்கு இது முக்கியம், நல்ல வெயிலும் வேண்டும். அந்தக் காலத்தில் சருகைக் கொளுத்திச் சாம்பலைப் போட்டார்கள். இன்று திறந்தவெளியில் எரிப்பது 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம் என்பதால், மூலையில் குழி வெட்டிச் சருகையும் சமையல் கழிவையும் மக்க விடுவதே வழி.

தண்ணீர் தனிக் கதை. 2016 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ஆற்று நீரில் துர்நாற்றம் கண்டதால் சுங்கை செமினி சுத்திகரிப்பு நிலையம் பலமுறை மூடப்பட்டது. கூரை நீரைப் பிடித்து வைத்திருந்தால் இப்படிப்பட்ட நாட்களில் செடி வாடாது. ஆனால் டிங்கி அதிகம் காணும் மாநிலம் சிலாங்கூர். ஏடிஸ் கொசு ஒரு வாரம், பத்து நாளில் முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வந்துவிடும். ஆகவே பீப்பாய்க்கு இறுக்கமான மூடியோ நெருக்கமான வலையோ வேண்டும். பூச்சட்டிக்கு அடியில் வைக்கும் தட்டையும் வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்க்க வேண்டும்.

அடுக்குமாடிவாசிகள் நடைபாதையை அடைத்துச் சட்டி வைக்கக்கூடாது, அது தீ நேரத்து வழி. வெயில் விழும் சன்னலோரத்தில் நாலு சட்டி போதும்: சில்லி பாடி, பண்டான், செராய், காங்கோங். காங்கோங் விதை போட்ட மூன்று, நான்கு வாரத்தில் அறுவடைக்கு வரும். வேரோடு பிடுங்காமல் அடியில் இரண்டு கணு விட்டு அறுத்தால் மறுபடியும் துளிர்க்கும்.