படுக்கையே மருந்தாக இருந்த காலம்

படுக்கை ஓய்வு மிகப் பழைய சிகிச்சை. வலி எடுத்தவர் படுப்பதற்கு மருத்துவர் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இத்தனை வாரம், இந்த நிலையில், எழுந்திருக்கவே கூடாது என்று அளவும் காலமும் குறித்து எழுதித்தரும் சிகிச்சையாக அது வளர்ந்தது 19ஆம் நூற்றாண்டில்தான். அதன்பின் ஏறத்தாழ நூறாண்டுக் காலம் எலும்பு முறிவு, காசநோய், மாரடைப்பு, முதுகுவலி என ஒன்றுக்கொன்று தொடர்பற்ற நோய்களுக்கெல்லாம் கட்டிலே முதல் மருந்தாக இருந்தது. புதிய மருந்து வந்தால் அது கேடு செய்யுமோ என்ற ஐயம் எழும். ஓய்வு கேடு செய்யும் என்று எண்ணிப் பார்க்கக் காரணமே இல்லாததால், அதைச் சோதிக்கும் எண்ணம் வெகுகாலம் யாருக்கும் வரவில்லை.

இந்த வழக்கத்துக்கு ஏட்டு வடிவம் தந்தவர் லண்டன் கைஸ் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஜான் ஹில்டன். 1860 முதல் 1862 வரை அரச அறுவை மருத்துவர் கல்லூரியில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் 1863இல் நூலாயின. பிற்காலப் பதிப்புகளில் அந்நூலுக்கு ‘ஓய்வும் வலியும்’ என்ற பெயரே நிலைத்தது. ஹில்டன் தேர்ந்த உடற்கூறியலாளர். ஒரு மூட்டுக்கும், அதை அசைக்கும் தசைகளுக்கும், அவற்றின் மேலுள்ள தோலுக்கும் ஒரே நரம்பிலிருந்து கிளைகள் செல்கின்றன என்று அவர் கண்ட விதி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. புண்பட்ட மூட்டைச் சுற்றித் தசைகள் இறுகுவது அதை அசையவிடாமல் காப்பதற்கே என்றும், அசையாதே என்று உடல் விடுக்கும் எச்சரிக்கையே வலி என்றும் அவர் விளக்கினார். வலி போகும்வரை அசையாமல் கிடப்பதே மருத்துவம் என்ற முடிவுக்கு அங்கிருந்து ஓரடி தூரம்தான்.

அந்த அடியை லிவர்பூலில் எடுத்துவைத்தவர் ஹியூ ஓவன் தாமஸ். வழிவழியாக எலும்பு கட்டும் வைத்தியக் குடும்பத்தில் பிறந்து, முறைப்படி மருத்துவம் படித்தவர் அவர். ஓய்வு இடையில் முறியக் கூடாது, போதும் என்று தோன்றிய பிறகும் நீள வேண்டும் என்பது அவர் கொள்கை. காலை நீட்டி நிறுத்த அவர் வடிவமைத்த இரும்புச் சட்டத்தை, அவரிடம் பயின்ற உறவினர் ராபர்ட் ஜோன்ஸ் முதல் உலகப் போர்க்களத்துக்குக் கொண்டு சென்றார். தொடையெலும்பு முறிந்த வீரர்களின் சாவு அதனால் பெருமளவு குறைந்தது. முறிந்த எலும்புக்கு அசையாமை உயிர் காக்கும் சிகிச்சை என்பதில் அன்றும் இன்றும் மாற்றுக் கருத்தில்லை. அங்கே கிடைத்த வெற்றிதான் எலும்பே முறியாத நோயாளிகளையும் கட்டிலில் கிடத்தும் துணிவைத் தந்தது.

அமெரிக்காவில் பிலடெல்பியாவின் நரம்பியலாளர் சைலஸ் வியர் மிட்செல் ஓய்வை ஒரு தனிச் சிகிச்சை முறையாகவே ஆக்கினார். வலியின் வரலாற்றில் அவருக்குப் பெரிய இடம் உண்டு. உள்நாட்டுப் போரில் நரம்பில் குண்டு பாய்ந்தவர்களுக்கு வரும் எரியும் வலியைப் பதிவு செய்தவரும், துண்டிக்கப்பட்ட கை கால்களில் தொடரும் உணர்வுக்கு மாய உறுப்பு என்ற பொருளில் பெயரிட்டவரும் அவரே. போருக்குப் பின், நரம்புத் தளர்ச்சி என்று அக்காலத்தில் அழைக்கப்பட்ட சோர்வுக்கு அவர் ஆறு முதல் எட்டு வாரம் படுக்கை விதித்தார். நோயாளிகளில் பெரும்பாலோர் பெண்கள். பாலும் கொழுத்த உணவும் உண்டு. படிக்க, எழுத, தைக்க அனுமதியில்லை. கிடந்த கிடையில் தசைகள் வற்றாதிருக்க உடம்பு பிடித்துவிடுவதும் மின்தூண்டலும் சேர்க்கப்பட்டன. படுக்கை தசையை அழிக்கும் என்பது அதை விதித்தவருக்கே தெரிந்திருந்தது என்பதற்கு இது சான்று. 1887இல் இச்சிகிச்சை பெற்ற எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மன், அதிலிருந்து மீண்ட பின் 1892இல் ‘மஞ்சள் சுவர்த்தாள்’ என்ற சிறுகதையை வெளியிட்டார். படுக்கை ஓய்வுக்கு எதிராக நோயாளி ஒருவர் எழுப்பிய வலுவான முதல் குரல்களில் அது ஒன்று.

காசநோய்க்குச் சானடோரியம் வந்ததும் இக்காலத்தில்தான். ஜெர்மனியின் ஃபால்கன்ஸ்டைனில் 1876இல் பீட்டர் டெட்வைலர் திறந்த நிலையத்தில் நோயாளிகள் திறந்தவெளித் தாழ்வாரங்களில் சாய்வு நாற்காலிகளில் நாள் முழுதும் கிடந்தார்கள். அந்த முறை உலகெங்கும் பரவியது. இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் சானடோரியம் நடத்தியவர் டேவிட் சௌரிமுத்து என்ற தமிழ் மருத்துவர். கணிதமேதை ராமானுஜன் அங்கே சில காலம் நோயாளியாக இருந்தார். தாயகம் திரும்பிய சௌரிமுத்து 1928இல் தாம்பரத்தில் ஒரு சானடோரியத்தை நிறுவினார். 1937இல் அது அரசின் கைக்கு வந்தது. அங்குள்ள ரயில் நிலையத்துக்கு இன்றும் தாம்பரம் சானடோரியம் என்றே பெயர்.

1948இல் ஒரு திருப்பம். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் பலன் தருமா என்று பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வின் முடிவு அவ்வாண்டில் வெளிவந்தது. புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் வகுத்த திட்டப்படி, 107 நோயாளிகள் இரு குழுக்களாகக் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர். யார் எந்தக் குழு என்பது ஒட்டிய உறைக்குள் இருந்தது; எக்ஸ்ரே படங்களை மதிப்பிட்டவர்களுக்கு அது தெரியாது. 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும். 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் முதல் குழுவில் 4 பேரும் இரண்டாம் குழுவில் 14 பேரும் இறந்தார்கள். இன்றைய மருத்துவச் சோதனைகளுக்கெல்லாம் முன்னோடியான இந்த ஆய்வில் சோதிக்கப்பட்டது மருந்து மட்டுமே. இரு குழுவுக்கும் பொதுவாக இருந்த படுக்கையை யாரும் கேள்வி கேட்கவில்லை.

அந்தக் கேள்வி சென்னையில் எழுந்தது. நோயாளிகள் இலட்சக்கணக்கில் இருந்த நாட்டில் சானடோரியப் படுக்கைகள் மிகச் சிலவே என்பதால் எழுந்த கேள்வி அது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து 1956இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் அதை வழிநடத்தினார். 193 ஏழை நோயாளிகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டு, ஒரு பகுதியினர் சானடோரியத்துக்கும் மற்றவர்கள் தங்கள் வீட்டுக்கும் அனுப்பப்பட்டனர். இரு குழுவுக்கும் ஓராண்டு ஒரே மாத்திரைகள். சானடோரியத்தில் நல்ல உணவு, காற்றோட்டம், ஓய்வு. வீட்டிலோ நெரிசல், குறைந்த உணவு, அன்றாட வேலை. ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். ஐந்தாண்டுக்குப் பின் இரு குழுவும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தன. வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959 முதல் வெளியான இந்த முடிவுகள் உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட வழிவகுத்தன. ஓய்வைத் தராசில் ஏற்றிய ஆய்வுகளில் இதைவிடப் பெரிய விளைவை உண்டாக்கியது வேறில்லை என்றே சொல்லலாம்.

மறுவாழ்வு மருத்துவமும் இதே ஆண்டுகளில் உருவானது. லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர் 1947 டிசம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் படுக்கையின் தீங்குகளை உறுப்புவாரியாக எழுதினார்: காலில் இரத்த உறைவு, நுரையீரலில் சளித் தேக்கம், படுக்கைப் புண், மலச்சிக்கல், தசை வற்றல், மனச்சோர்வு. ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944 முதல் லுட்விக் கட்மன், முதுகுத்தண்டு முறிந்த வீரர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட்டும் உட்காரவைத்தும் பயிற்சி தந்தார். அங்கே 1948இல் 16 பேர் கலந்துகொண்ட வில்வித்தைப் போட்டியிலிருந்துதான் பாராலிம்பிக் வளர்ந்தது. நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் மறுவாழ்வு மருத்துவத்தைத் தனித்துறையாக்கினார். 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்த வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மேரி வர்கீஸ் நியூயார்க் சென்று பயின்று திரும்பினார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே அவர் தலைமையேற்ற மறுவாழ்வு நிலையம் 1966இல் திறக்கப்பட்டது.

படுக்கை நலமான உடலையே எவ்வளவு கெடுக்கும் என்பது அதே 1966இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் அளக்கப்பட்டது. 20 வயதுடைய ஐந்து இளைஞர்கள் மூன்று வாரம் படுக்கையில் கிடந்தார்கள். உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரையும் அளந்தபோது, முப்பது ஆண்டு முதுமை செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரம் செய்த சேதமே பெரிது என்று தெரிந்தது.

இவ்வளவுக்குப் பின்னும் முதுகுவலியில் மட்டும் படுக்கை அசையாமல் நின்றது. அதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று, கோட்பாடு. முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதை மிக்ஸ்டர், பார் என்ற அமெரிக்க மருத்துவர்கள் 1934இல் விவரித்திருந்தார்கள். பின்னர் சுவீடனின் ஆல்ஃப் நாகெம்சன் வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்து, உட்காரும்போது அது ஏறுகிறது, படுக்கும்போதுதான் மிகக் குறைகிறது என்று காட்டினார். முதுகுவலிக்காரர்களைப் பலகைக் கட்டிலில் கிடத்தும் வழக்கத்துக்கு இது அறிவியல் சான்றாகிவிட்டது. இரண்டாவது காரணம் முதுகுவலியின் இயல்பு. திடீரென்று பிடிக்கும் முதுகுவலி பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே தணியும். மூன்று வாரம் படுத்தவருக்கு வலி போனால், படுக்கையால்தான் போயிற்று என்று நோயாளி நம்புவார், மருத்துவரும் நம்புவார். படுக்காத இன்னொருவரைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதவரை இந்த நம்பிக்கை கலையாது.

அத்தகைய ஓர் ஒப்பீட்டை 1986இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் டேயோவும் உடனாய்வாளர்களும் செய்தார்கள். முதுகுவலியோடு நடந்துவந்த 203 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு இரண்டு நாள் படுக்கையும் மறு பாதிக்கு ஏழு நாள் படுக்கையும் விதித்தார்கள். வலியிலும் செயல்திறனிலும் வேறுபாடு இல்லை. வேலைக்குப் போகாத நாள்கள் மட்டும் ஏழு நாள் குழுவில் சராசரி 5.6, இரண்டு நாள் குழுவில் 3.1. அப்படியானால் இரண்டு நாளாவது தேவையா என்பது அடுத்த கேள்வி. 1995இல் ஹெல்சிங்கி நகர ஊழியர்கள் 186 பேர் மூன்று குழுவாயினர்: இரண்டு நாள் படுக்கை, முதுகுப் பயிற்சி, வலி அனுமதிக்கும் அளவுக்கு வழக்கமான வேலை. வழக்கமான வேலையில் இருந்தவர்கள் முதலில் தேறினார்கள், படுத்தவர்கள் கடைசியில். பயிற்சிக் குழுவும் வழக்கமான வேலையை மிஞ்சவில்லை என்பது இங்கே கவனிக்கத்தக்கது. நரம்பு அழுத்தத்தால் காலுக்கு இறங்கும் வலிக்காவது படுக்கை உதவும் என்ற கடைசி நம்பிக்கை 1999இல் நெதர்லாந்தில் சோதிக்கப்பட்டது. 183 பேரில், இரண்டு வாரம் படுத்தவர்களில் 70 சதவீதமும் படுக்காதவர்களில் 65 சதவீதமும் தேறியிருந்தார்கள். பன்னிரண்டாம் வாரத்தில் இரு குழுவிலும் 87 சதவீதம்.

அதே 1999இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், படுக்கை ஓய்வைச் சோதித்த 39 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். 15 வகை நோய்கள், 5777 நோயாளிகள். ஒன்றிலேனும் படுக்கை தெளிவான நன்மை தந்ததாகத் தெரியவில்லை. பதினேழு விளைவுகளில் நிலை மோசமாகியிருந்தது.

நாள்பட்ட வலியில் சிக்கல் இன்னும் ஆழமானது. வலித்தால் ஓய்வு, ஓய்வெடுத்தால் வலி குறைவு என்ற சுழல் மாதக்கணக்கில் நீளும்போது உடல் மேலும் தளர்ந்து, சிறு அசைவும் வலிக்கத் தொடங்கும். சியாட்டிலில் உளவியலாளர் வில்பர்ட் ஃபோர்டைஸ் 1960களின் இறுதியில் இந்தச் சுழலைக் கண்டு முறையை மாற்றினார். வலிக்கும்வரை பயிற்சி செய் என்பதற்குப் பதிலாக, இன்று இத்தனை முறை என்று முன்பே அளவு குறித்தார். ஓய்வு, வலி வந்ததற்காக அல்லாமல் அளவை முடித்ததற்காகக் கிடைத்தது. நோயாளியின் வலி கற்பனை என்று அவர் கருதவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த முறையைப் பின்பற்றியவர்கள் எல்லோரும் அவ்வளவு கவனமாக இருக்கவில்லை. 1992இல் சுவீடனின் வோல்வோ ஆலைத் தொழிலாளர் 103 பேரிடம் நடந்த சோதனையில், இவ்வாறு அளந்து கூட்டிய பயிற்சி பெற்றவர்கள் மற்றவர்களைவிட முன்னதாக வேலைக்குத் திரும்பினார்கள்.

ஓய்வுக்கு வைத்த அதே அளவுகோல் 21ஆம் நூற்றாண்டில் அசைவுக்கும் வைக்கப்பட்டது. நாள்பட்ட களைப்பு நோயில் படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சி நல்லது என்று 641 பேரிடம் நடந்த பிரிட்டன் ஆய்வு 2011இல் அறிவித்தது. முயன்றால் நிலை மோசமாகிறது என்று நோயாளிகள் தொடர்ந்து வாதாடினார்கள்; பத்தாண்டுக்குப் பின், 2021இல், அந்நாட்டின் வழிகாட்டு நெறி அத்தகைய நிலையான படிமுறைப் பயிற்சியைத் தரக்கூடாது என்று மாறியது. இந்தியாவில் 14 மருத்துவமனைகளின் 1250 பக்கவாத நோயாளிகளிடம், குடும்பத்தாருக்கே பயிற்சி தந்து வீட்டில் மறுவாழ்வு அளிக்கும் முறை வழக்கமான கவனிப்போடு ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டது. 2017இல் வெளிவந்த முடிவின்படி, ஆறு மாதத்தில் இறந்தோர் அல்லது பிறரைச் சார்ந்தோர் இரு குழுவிலும் 47 சதவீதம்.

எதிர்பாராத முடிவு ஆஸ்திரேலியாவின் ஜூலி பெர்ன்ஹார்ட் தலைமையில் ஐந்து நாடுகளில் நடந்த பக்கவாத ஆய்விலிருந்து வந்தது. 2104 நோயாளிகளில் ஒரு பாதியினரை 24 மணி நேரத்துக்குள் எழுப்பி, வழக்கத்தைவிட அடிக்கடியும் அதிகமாகவும் உட்கார, நிற்க, நடக்க வைத்தார்கள். 2015இல் வெளியான முடிவில், மூன்று மாதத்தில் நல்ல நிலைக்கு வந்தவர்கள் வழக்கமான கவனிப்பில் 50 சதவீதம். சீக்கிரம் எழுப்பப்பட்டவர்களில் 46. தரவுகளை மேலும் பிரித்துப் பார்த்தபோது, குறுகிய நேரம் பலமுறை எழுந்தவர்கள் நன்றாகத் தேறியிருந்ததும், ஒரே மூச்சில் நீண்ட நேரம் நடத்தப்பட்டவர்கள் பின்தங்கியிருந்ததும் தெரிந்தன. எழுப்புவதற்கும் எத்தனை நிமிடம், ஒரு நாளில் எத்தனை முறை என்று குறித்துத் தரவேண்டிய அளவைத் தேடும் அடுத்த சோதனை அதிலிருந்தே தொடங்கியது.