கிவாலினா: புயல்வெள்ளமும் வெளியேற்றமும்

கிவாலினா, அலாஸ்காவின் வடமேற்குக் கரையில், சுக்சி கடலுக்கும் காயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல்திட்டில் உள்ள இனுப்பியாக் மக்களின் சிற்றூர். ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே சுமார் 130 கி.மீ. தொலைவில் உள்ளது. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 444. வெளியூர்களுக்குச் சாலை இல்லை.

1847-இல் ரஷ்யக் கடற்படை அதிகாரி சகோஸ்கின் இவ்வூரைக் குறித்துள்ளார். அக்காலக் குடியிருப்பு காயலின் வடமுனையில் இருந்தது. இன்றைய திட்டு வேட்டைக்காரர்களின் பருவகாலத் தங்குமிடமாகவே இருந்தது என்பர். 1905-இல் அரசு இங்கே பள்ளி கட்டியபின் மக்கள் நிலையாகத் தங்கினர். பிள்ளைகளை அனுப்பாத பெற்றோர் சிறை மிரட்டலுக்கு உள்ளானதாக ஊரார் கூறுவர். வெள்ள அபாயத்தால் ஊரை மாற்றலாம் என்ற யோசனை 1911-லேயே எழுந்தது. அடுத்த பல பத்தாண்டுகளில் சீல், திமிங்கில வேட்டையோடு வாழ்க்கை நடந்தது.

முன்பெல்லாம் இலையுதிர்காலப் புயல்கள் வருமுன்பே கரையோரம் பனி உறைந்து அலைகளைத் தடுத்துவிடும். அண்மைப் பத்தாண்டுகளில் பனி தாமதமாக உறைவதால், 2004 முதல் வந்த புயல்கள் கரையை நேரடியாக அரித்தன. 2006-இல் கம்பிக்கூடைகளில் மணல் நிரப்பிக் கடற்சுவர் எழுப்பினர். திறப்பு விழாவை ஒட்டியே அதன் ஒரு பகுதியைப் புயல் சிதைத்தது. முந்தைய நாள் என்றும் அதே நாள் என்றும் இருவேறாகச் சொல்வர். எஞ்சிய கூடைகளிலிருந்தும் மணல் கசிந்துகொண்டிருந்தது. 2007 செப்டம்பரில் அடுத்த புயல் நெருங்க, ஊரில் பெரும்பகுதியினர் வெளியேறினர். பலருக்குப் புகலிடம் தந்தது, அருகிலிருந்த ரெட் டாக் துத்தநாகச் சுரங்கம். பின்னர் ராணுவப் பொறியாளர் படை பாறைகளால் கரையரண் அமைத்தது.

2008-இல் ஊராட்சியும் பழங்குடி அமைப்பும் எக்சான்மொபில் உள்ளிட்ட எரிபொருள், மின் நிறுவனங்கள்மீது, பனி தாமதமாக உறையக் காரணமான புவி வெப்பமாதலுக்கு அவை பங்களித்ததாகக் கூறி, இடமாற்றச் செலவு கேட்டு வழக்குத் தொடுத்தன. அது 2009-இல் தள்ளுபடியானது. 2012-இல் மேல்முறையீடும் தோற்றது. மறு ஆண்டு உச்சநீதிமன்றம் விசாரிக்க மறுத்தது.

இடமாற்றத்துக்கு எங்கே செல்வது என்பதிலும் உடன்பாடு இல்லை. ஊரார் தேர்ந்த கினிக்டூராக் பகுதியின் நிலத்தடிப் பனியும் வெள்ள அபாயமும் ஏற்கத்தக்கவை அல்ல எனப் பொறியாளர்கள் மறுத்தனர். ஊரார் சிலர் அதை ஒப்பவில்லை.

2020 அளவில் காயலின் குறுக்கே வெளியேற்றப் பாதை அமைந்தது. அது செல்லும் உட்பகுதிக் குன்றருகே புதிய பள்ளி கட்டப்பட்டது. வீடுகள் இன்னும் திட்டிலேயே உள்ளன.