தொட்டிலும் கருவூலமும்

பிள்ளையைப் பேணுவது பெற்றவள் கடமை. அதிலே அரசுக்கு என்ன வேலை? இப்படிக் கேட்போர் எந்த நாட்டிலும் உண்டு. அமெரிக்க நாட்டிலே அவர்களின் குரல் சற்று உரத்தே ஒலித்து வந்திருக்கிறது. ஆயினும், அதே அமெரிக்க அரசு, தாயை வீட்டிலே இருத்திவைக்கப் பணம் கொடுத்தது. பிறகு அவளை வீட்டைவிட்டு வெளியே அழைக்கவும் பணம் கொடுத்தது. பின்னர், வேலைக்குப் போகாவிட்டால் பணமே இல்லை என்றும் சொல்லிற்று! தாயும் மாறவில்லை, தொட்டிலும் மாறவில்லை. மாறியது எது?

1909ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், ஆதரவற்ற குழந்தைகளைப் பற்றி ஆராய வெள்ளை மாளிகையிலே ஒரு மாநாடு கூட்டினார். வறுமை ஒன்றையே காரணமாக்கித் தாயையும் சேயையும் பிரிக்கலாகாது என்றது அம்மாநாடு. நல்ல தீர்மானந்தான். 1911இல் இல்லினாய் மாநிலம் வழிகாட்ட, தாய்மார்க்கு உதவித்தொகை தரும் சட்டங்கள் பல மாநிலங்களிலே பிறந்தன. பெரும்பாலும் கணவனை இழந்தோர்க்கே அந்தத் தொகை. அதுவும் எளிதிலே கிடைத்துவிடவில்லை. ஒழுக்கம் எப்படி, வீடு எவ்வளவு தூய்மை என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்டனர். கறுப்பினத் தாய்மாரில் மிகச் சிலரே அதைப் பெற்றனர். 1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இவ்வுதவிக்கு நடுவணரசின் பணத்தைச் சேர்த்தது. யாருக்குக் கொடுப்பது என்ற பிடியையோ மாநிலங்களிடமே விட்டுவைத்தது.

போர் வந்தது. ஆடவர் களம் சென்றனர். ஆலைகளோ ஆளின்றித் தவித்தன. தாய்க்கு இல்லமே கோயில் என்று பேசிய அதே நாடு, கப்பல் கட்ட வா, விமானம் செய்ய வா என்று அவளை அழைத்தது! வந்தவளின் குழந்தையை யார் பார்ப்பது? போர்த்தொழில் ஊர்களிலே வீடு கட்டுவதற்கென 1940இல் இயற்றப்பட்ட லேன்ஹாம் சட்டத்தின் பணத்தைக் குழந்தைக் காப்பகங்களுக்கும் செலவிடலாம் என்று 1942இல் முடிவாயிற்று. 1944 ஜூலையில், 3,000க்கு மேற்பட்ட காப்பகங்களிலே ஏறத்தாழ 1,30,000 குழந்தைகள் இருந்தனர். தாய் செலுத்த வேண்டியது தொடக்கத்தில் நாளொன்றுக்கு 50 சென்ட் அளவே. எஞ்சியதைப் பொதுப்பணம் ஏற்றது. வருமானம் எவ்வளவு என்று எவரும் கேட்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தென் மாநிலங்களிலே மட்டும் நிறம் கேட்டனர். கறுப்புக் குழந்தைக்கு ஒரு காப்பகம், வெள்ளைக் குழந்தைக்கு வேறொரு காப்பகம்!

ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டு நகரில் கெய்சர் கப்பல் தளங்களின் வாயிலிலே 1943 நவம்பரில் திறக்கப்பட்ட இரண்டு காப்பகங்களைத் தனியே சொல்லத்தான் வேண்டும். இரவு முறை வேலைக்குச் செல்லும் தாய்க்கும் அங்கே இடமிருந்தது. பயிற்சி பெற்ற ஆசிரியைகள் இருந்தனர், செவிலியர் இருந்தனர். அலுத்துத் திரும்பும் தாய், குழந்தையோடு சமைத்த உணவையும் விலை கொடுத்து வாங்கிச் செல்லலாம். செலவு? கப்பலின் விலையோடு சேர்த்து அரசே ஏற்றது. ஆணிக்கும் இரும்புக்கும் ஆகும் செலவைப் போலத் தாலாட்டுக்கும் ஒரு கணக்கு எழுதப்பட்டது. எனக்கு இதிலே தவறொன்றும் தோன்றவில்லை. தாலாட்டு நடந்தாலன்றிக் கப்பல் நகராது என்பதை ஒருமுறையேனும் ஒப்புக்கொண்டார்களே!

அதே 1943இல் லூசியானாவிலே நடந்ததையும் கேளுங்கள். பருத்தி வயலுக்கு ஆள் வேண்டியிருந்தது. 7 வயதும் அதற்கு மேலும் ஆன பிள்ளைகளையுடைய ஏழைத் தாய்க்கு, வயலில் வேலை உள்ளவரை உதவித்தொகை கிடையாது என்றனர். கப்பல் தளத்துத் தாய்க்குக் காப்பகம். பருத்தி வயல் தாய்க்குப் பட்டினி மிரட்டல். இருவரும் வேலைக்குத்தான் அழைக்கப்பட்டனர்.

போர் முடிந்தது, காப்பகமும் முடிந்தது. தாய்மார் திரண்டு முறையிட்டதால் சில மாதங்கள் நீட்டித்தனர். 1946 பிப்ரவரியோடு நடுவணரசின் பணம் நின்றது. கலிபோர்னியா மட்டும் மாநிலப் பணத்தைக்கொண்டு பெருமளவிலே தொடர்ந்து நடத்திற்று. அந்தக் காப்பகங்களில் வளர்ந்தோர் பெரியவர்களானபின் வேலையிலும் ஊதியத்திலும் மேம்பட்டிருந்தனர் என்று பிற்கால ஆராய்ச்சி கண்டது. அதற்குள் கதவுகளை மூடிப் பல்லாண்டுகள் ஆகிவிட்டிருந்தன.

1971இல் மீண்டும் ஒரு வாய்ப்பு வந்தது. மாண்டேல், பிராடமாஸ் ஆகியோர் முன்னின்று, நாடெங்கும் குழந்தை நலக் காப்பகங்கள் அமைக்கும் மசோதாவைக் கொணர்ந்தனர். ஏழைக்கு இலவசம்; மேலே உள்ளோர்க்கு வருமானத்திற்கேற்ற கட்டணம். இரு அவைகளும் ஏற்றன. டிசம்பர் 9ஆம் நாள் குடியரசுத் தலைவர் நிக்சன் அதை மறுத்துத் திருப்பி அனுப்பினார். குடும்பத்தின் பிடி தளர்ந்துவிடும், கூட்டு வளர்ப்பு முறைக்கு அரசு துணைபோகலாகாது என்று அவர் அஞ்சினார். அச்சம் போலும்! மறுநாள், டிசம்பர் 10, அவரே ஒப்பமிட்ட வருவாய்ச் சட்டம் என்ன செய்தது தெரியுமா? காப்பகத்துக்குச் செலவிட்ட பணத்தை வரிக்கணக்கிலே கழித்துக்கொள்ளும் சலுகையை நடுத்தர வகுப்பார்க்கு விரிவாக்கிற்று! 9ஆம் நாள் தளர்வதாயிருந்த குடும்பம் 10ஆம் நாள் உறுதிப்பட்டுவிட்டது.

அன்று பிரிந்த இரண்டு பாதைகளும் இன்றும் இணையவில்லை. ஒன்று வரிச்சலுகை. 1976 முதல் வரித்தொகையிலேயே குறைக்கும் முறையாக அது மாறிற்று. வரி செலுத்தும் அளவு வருவாய் இல்லாதவளுக்கு, 2021 என்ற ஓராண்டு நீங்கலாக, அதனால் பயனில்லை. மற்றொன்று, 1990இல் தொடங்கிய மானியம். நடுவணரசு மாநிலங்களுக்குப் பணம் பகிர்ந்தளிக்கிறது. பெற்றோர் வேலையிலோ படிப்பிலோ பயிற்சியிலோ இருக்கவேண்டும். பிள்ளைக்கு 13 வயது நிறைந்திருக்கலாகாது. வருமானம் மாநிலத்தின் நடுநிலை வருமானத்தில் 85 விழுக்காட்டைத் தாண்டலாகாது. தாய் பெரும்பாலும் ஒரு சீட்டைப் பெறுகிறாள். தானே தேர்ந்த காப்பகத்திலே கொடுக்கிறாள். தன் பங்கைக் கட்டுகிறாள். மீதியை மாநிலம் கட்டுகிறது. முறை நன்று. பணம்தான் போதாது. தகுதியுடைய குழந்தைகளிலே பெரும்பாலோர்க்கு அது எட்டுவதில்லை; பல மாநிலங்கள் காத்திருப்போர் பட்டியல் வைத்துள்ளன. இதற்கிடையே 1996இன் சட்டம், ஏழைத் தாய் வேலைக்குப் போயே தீரவேண்டும் என்று நாட்டுக்கே விதி செய்தது. லூசியானாவின் வயல்விதி தலைநகருக்குக் குடிபெயர்ந்ததோ என எண்ணத் தோன்றும்.

வருமானம் கேளாத காப்பகம் மீண்டும் தலைகாட்டியது நியூ மெக்சிகோவில். 2022இல் அம்மாநில வாக்காளர்கள், எண்ணெய், எரிவாயு வருவாயால் பெருத்திருந்த நிலைநிதியிலிருந்து குழந்தைகளுக்கென ஆண்டுதோறும் கூடுதல் பங்கு எடுக்க அரசியல் சட்டத்தைத் திருத்தினர். 2025 நவம்பர் 1ஆம் நாள் அங்கே வருமான வரம்பு நீக்கப்பட்டது.