மடை திறந்தவர்களும் மலக்குழியில் இறங்கியவர்களும்



நினைவுப் பேருரையில் இலக்கியம் பேசாமல் ஏரியையும் சாக்கடையையும் பேச வந்திருக்கிறோமே என்று சிலர் நினைக்கலாம். நம் சுயசரிதைகளையும் கதைகளையும் ஒருமுறை புரட்டிப் பார்த்தால் போதும். கிணற்றடி வராத தலித் எழுத்து குறைவு. ஊற்றிக் கொடுத்த தண்ணீரைக் கைகுவித்துக் குடித்த அனுபவம் இரண்டு தலைமுறைக்கு முன் நம் எல்லார் வீட்டிலும் இருந்தது. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, குடித்த பிறகு எங்கே போனது என்று இன்று கொஞ்சம் பின்தொடர்ந்து பார்ப்போம்.

பள்ளியில் நாம் எல்லோரும் ஒரு படம் வரைந்திருக்கிறோம். கடல், அதிலிருந்து மேலே போகும் அம்புக்குறி, மேகம், மலை, மழை, ஆறு, மறுபடியும் கடல். நீர்ச் சுழற்சி என்று தலைப்பு. பத்து மதிப்பெண் கேள்வி. அந்தப் படத்தில் மலை இருக்கும், மரம் இருக்கும், சில சமயம் ஒரு மான்கூட இருக்கும். குழாய் இருக்காது, கக்கூஸ் இருக்காது, ஊர் இருக்காது, சேரி இருக்காது. படம் பொய் சொல்லவில்லை. ஆனால் மழைநீர் ஏரியில் விழுந்ததற்கும் கழிவுநீராகக் கடலுக்குப் போவதற்கும் இடையில் நடப்பது முழுவதையும் அது விட்டுவிடுகிறது. அந்த இடைவெளியில்தான் நம் மக்களின் வரலாறு இருக்கிறது.

ஏரியிலிருந்து தொடங்குவோம். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உண்டு என்பது அரசுக் கணக்கு. வடகிழக்குப் பருவமழை சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும். அதைப் பிடித்து வைத்தால்தான் மீதி மாதங்கள் ஓடும். ஒரு ஏரி நிரம்பினால் உபரி நீர் கலங்கல் வழியாக வழிந்து, கீழே இருக்கும் அடுத்த ஏரிக்குப் போகும். மேலேரியின் வயலில் பாய்ந்து வடிந்த தண்ணீரும் கீழேரிக்கே வரும். நிலத்துக்குள் கசிந்தது கிணற்றில் ஊறும். ஒருவர் கழித்த நீர் அடுத்தவருக்குப் பாசன நீர். கழிவு என்ற சொல்லுக்கே அங்கே பெரிதாக இடமில்லை.

இந்த ஏற்பாட்டை மன்னர்களின் சாதனையாகக் கல்வெட்டு சொல்கிறது. வெட்டுவித்தவர் பெயர் இருக்கிறது, கொடை கொடுத்தவர் பெயர் இருக்கிறது. ஐப்பசி இருட்டில் கரை உடையப்போகிறதா என்று காவல் கிடந்தவர் பெயர் இல்லை. தென்மாவட்டங்களில் அவரை நீர்க்கட்டி, நீராணி, மடையன், மடைக்குடும்பன் என்றார்கள். வடக்கே கம்புகட்டி, வெட்டியான், தோட்டி என்றார்கள். பெரும்பாலான ஊர்களில் அவர் நம்மவர். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை, கடைமடைக்கு எப்போது, பஞ்ச காலத்தில் எந்தப் பயிரைக் காப்பது, எதைக் கைவிடுவது என்று முடிவு செய்து நீர் பாய்ச்சியவர். ஏரி நிறைந்திருக்கும்போது மடையைத் திறக்கவோ அடைக்கவோ வேண்டுமென்றால் மூச்சை அடக்கிக்கொண்டு மூழ்கிக் குமிழிவாயைக் கையால் தடவித் தேட வேண்டும். உறிஞ்சும் நீரின் வேகத்தில் கை மாட்டிக்கொண்டால் அவ்வளவுதான். கூலி என்பது அறுவடையின்போது களத்தில் அளக்கும் நெல், சில ஊர்களில் கொஞ்சம் மானிய நிலம். ‘மடையன்’ என்ற சொல் பின்னாளில் என்னவாக மாறியது என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

நீர்ப் பங்கீட்டை ஏன் தலித்துகளிடம் விட்டார்கள்? அவர்களுக்கு நிலமில்லை, ஆகவே பாரபட்சம் பார்க்க மாட்டார்கள் என்று நீர் மேலாண்மை பற்றி எழுதியவர்கள் விளக்கம் சொல்கிறார்கள். அதைப் பாராட்டாகவே சொல்கிறார்கள். நமக்கு அது பாராட்டாகத் தெரியவில்லை. ஒரு சமூகத்தை நிலமற்றவராக வைத்திருந்ததையே அதன் நடுநிலைக்குச் சான்றிதழாக மாற்றும் தந்திரம் அது. ஊரின் தண்ணீர் முழுவதையும் நம்பி ஒப்படைத்த அதே மனிதர், ஊர்ப் பொதுக் கிணற்றில் வாளி விட முடியாது. ஊருணிப் படியில் இறங்க முடியாது. வயலுக்குப் போகும் தண்ணீரை அவர் தொடலாம், குடத்துக்குப் போகும் தண்ணீரைத் தொடக் கூடாது. மேகத்திலிருந்து விழுந்தது ஒரே மழை. ஏரியிலிருந்து கசிந்து அந்தக் கிணற்றில் ஊறியதும் அவர் காலும் கையும் பட்ட நீர்தான். நிலத்தடி நீருக்குத் தீட்டு தெரியாது என்பதை ஊர்க்காரர்கள் யோசிக்காமல் இருந்திருக்க முடியாது. யோசித்தும் கிணற்றுக்கு வேலி போட்டார்கள்.

இந்த வேலியை உடைக்க நடந்த முயற்சிகளில் நம் மாகாணத்துக்கு முக்கிய இடம் உண்டு. இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம் பொதுச் சாலை, கிணறு, குளம் எல்லாவற்றையும் அனைவருக்கும் திறந்துவிடச் சொன்னது. 1925இல் அது அரசிதழில் வந்தது. ஆனால் நடைமுறையில் அரசு எளிதான வழியைத் தேடியது. தொழிலாளர் ஆணையர் துறை சேரிகளில் தனிக்கிணறு வெட்டிக் கொடுத்தது. தாகத்துக்கு அது உதவியது, மறுக்கவில்லை. ஊர்க் கிணறோ ஊர்க் கிணறாகவே இருந்துவிட்டது. இன்று ஊருக்கு ஒரு மேல்நிலைத் தொட்டி, காலனிக்கு ஒரு தொட்டி என்று சிமெண்டில் நிற்பது அந்தத் தனிக்கிணற்றின் வாரிசு.

மகாத் நமக்குத் தெரிந்த கதைதான். 1927 மார்ச் 20இல் அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்தில் நீர் அருந்தினார். அதன்பின் ஆதிக்க சாதியினர் குளத்தைச் ‘சுத்தம்’ செய்தார்கள். 108 பானைகளில் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்து ஊற்றினார்கள். மனிதன் குடித்ததால் கெட்ட நீர் சாணத்தால் சரியானதாம். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய் 1937இல்தான் தீர்ந்தது. கிணறு, குளம், படித்துறையைப் பயன்படுத்துவதில் சாதி பார்க்கக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு தனியே எடுத்துச் சொல்வதை இந்தப் பின்னணியில் வாசிக்க வேண்டும்.

இனி நகரத்துக்கு வருவோம். சென்னைக் கோட்டைக்கு 1772இல் ஏழுகிணறு நீர் வந்தது. 1872இல் கொசஸ்தலையாற்றுத் தண்ணீரைத் திருப்பிச் சோழவரம், செங்குன்றம் ஏரிகள் வழியாகத் திறந்த வாய்க்காலில் கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1914இல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் வந்தன. உழவரின் ஏரி நகரத்தின் குடிநீர்த் தொட்டியானது. நீர் வந்துவிட்டால் அது வெளியேயும் போக வேண்டுமே. அதுவரை மலத்தைக் கூடையிலும் வண்டியிலும் சுமந்தவர்கள் இருந்தார்கள். அருந்ததியரும் தெலுங்கு பேசும் ஆதி ஆந்திரருமான நம் உறவுகள் அதற்கென்றே நகரத்தில் குடியமர்த்தப்பட்டார்கள். கிராமத்து வருவாய்க் கணக்கில் ஏரி நீரைக் கவனித்த ஊழியருக்கும் தோட்டி என்று பெயர். நகரத்தில் மலம் அள்ளியவருக்கும் தோட்டி என்று பெயர். ஒரே சொல் நீரின் இரண்டு முனைகளிலும் நிற்கிறது. இதை அகராதிக்காரர்கள் இரண்டு பொருளாக எண் போட்டுப் பிரிக்கலாம். நாங்கள் இதை ஒரே வரலாறாகவே வாசிக்கிறோம்.

நீர் வழங்கும் பொறியாளர்களின் கணக்கு ஒன்று உண்டு. வழங்கும் நீரில் 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பும் என்று வைத்துக்கொண்டுதான் குழாய்களின் அளவைத் திட்டமிடுவார்கள். 1999இல் வந்த மத்திய அரசின் குடிநீர் வழங்கல் கையேட்டில் இன்னொரு கணக்கு: பாதாளச் சாக்கடை இல்லாத ஊருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 70 லிட்டர், சாக்கடை உள்ள நகரத்துக்கு 135, பெருநகரத்துக்கு 150. ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு 55. கிராமத்து மனிதருக்குத் தாகம் குறைவு என்பதல்ல இதன் காரணம். மலத்தைத் தண்ணீர் ஊற்றித் தள்ளும் வசதி இருப்பவருக்குக் கூடுதல் தண்ணீர். ஆக, ஏரியிலிருந்து நகரத்துக்கு வரும் நீரில் கணிசமான பங்கு கழிவைச் சுமப்பதற்காகவே வருகிறது. முன்பு தலையில் சுமந்ததை இப்போது நீர் சுமக்கிறது, நல்லதுதானே என்று கேட்கலாம். நீர் ஓடும்வரை நல்லதுதான். அடைத்துக்கொண்டால் யார் இறங்குவது?

அடைபட்ட குழாயில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது அவசியம், ஏனென்றால் ‘விஷவாயு தாக்கி’ என்று ஒரு வரியில் செய்தி முடிந்துவிடுகிறது. தேங்கிய கழிவில் காற்று தீர்ந்ததும், காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிரிகள் நீரிலுள்ள சல்பேட்டைச் சிதைத்து ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்குகின்றன. அது காற்றைவிடக் கனமானது. குழியின் அடியில் தங்கும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கின் உணர்வே மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டதே என்று நினைக்கும் அந்த நேரம்தான் சாவுக்கு மிக அருகில் இருக்கும் நேரம். கம்பால் சேற்றைக் கிளறும்போது அடைபட்டிருந்த வாயு ஒரேயடியாக வெளிவரும். முதலில் விழுந்தவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவர், மூன்றாமவர் என்று அண்ணன் தம்பிகள் சேர்ந்து செத்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம். அன்று மூச்சடக்கிக் குமிழிவாயைத் தேடிய பாட்டனும் மூழ்கினார், ஆனால் அவர் மேலே வந்தால் காற்று இருந்தது. ஊர் கரையில் காத்திருந்தது. களத்தில் நெல் இருந்தது. ஒப்பந்தக்காரர் அனுப்பி மலக்குழியில் இறங்கிய பேரனுக்கு இதில் எதுவும் இல்லை.

1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். 2014 மார்ச் 27 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், 1993 முதல் மலக்குழியில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்றது. 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. நாடாளுமன்றத்தில் தரப்பட்ட கணக்குப்படியே தமிழ்நாட்டில் இறந்தவர்கள் 200 பேருக்கு மேல். உண்மையறியும் குழுக்களாக நாங்கள் போன வீடுகளில் இழப்பீட்டுக்கு முன் ஒரு சண்டை நடக்கும்: இறந்தவர் வேலைக்கு வந்தாரா, வழியில் போனவர் தவறி விழுந்தாரா என்று. ஒரு வீட்டில் இறந்தவரின் மனைவி எங்களிடம் கேட்டார்: “வழியில போறவர் சட்டையக் கழட்டி மடிச்சு வச்சுட்டா விழுவாரு?” எங்களிடம் இருந்த படிவத்தில் அந்தக் கேள்வியை எழுத இடமில்லை, பின்பக்கத்தில் எழுதிக்கொண்டோம்.

நகரத்தின் நீர் எங்கே போய்ச் சேர்கிறது என்றும் பார்த்துவிடுவோம். தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்பில் கூடி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கும். அந்தச் சதுப்பின் பக்கத்தில்தான் பெருங்குடிக் குப்பைமேடும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் வந்தன. 2000 தொடங்கிக் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று கூவக்கரை மக்களைக் கொண்டுபோய் இறக்கியதும் அந்தத் தாழ்நிலத்தை ஒட்டித்தான். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரை ஆபத்து என்று சொல்லி மேலும் பல குடும்பங்களை அங்கே அனுப்பினார்கள். அந்த வெள்ளத்தில் நகரம் கக்கியதை அள்ளப் பிற மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் தூய்மைப் பணியாளர்களை வரவழைத்தார்கள். ஏரியை மூடிய அடுக்குமாடிகள் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கின்றன.

2019இல் ஏரிகள் வறண்டபோது கழிவுநீர் திடீரென்று மதிப்புப் பெற்றது. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்கு தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்து ஆலைகளுக்கு விற்கும் நிலையங்கள் அந்த ஆண்டு செயல்பட்டன. இதை நாங்கள் வரவேற்கிறோம். ஒருவர் கழித்த நீர் அடுத்தவருக்குப் பயன்படும் பழைய ஏரி வழக்கம் வேறு வடிவில் திரும்புகிறது. ஆனால் அந்த நிலையம் வரை கழிவுநீரைத் தடையின்றி ஓடவிடும் வேலைக்கு எந்த இயந்திரம், எந்தக் கூலி, எந்தச் சாதி என்ற கேள்வி விலைப்பட்டியலுக்கு வெளியே நிற்கிறது.

வேங்கைவயலைச் சொல்லாமல் இந்த உரையை முடிக்க முடியாது. 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டத்தின் அந்தச் சிற்றூரில், தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. குழந்தைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போன பிறகுதான் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். 2025 ஜனவரியில் சிபிசிஐடி தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று இளைஞர்களைக் குற்றம்சாட்டியது. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. நாங்களும் ஏற்கவில்லை. சாக்கடையும் குடிநீரும் சேரக் கூடாது என்பது பொறியியலின் முதல் பாடம். அதற்காக எத்தனையோ குழாய்கள், எத்தனையோ கோடிகள். வேங்கைவயலில் எந்தக் குழாயும் உடையவில்லை.

ஒரு வேண்டுகோள். மண்டப வாசலில் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறோம். உங்கள் ஊர் ஏரியின் மடையைக் கடைசியாகத் திறந்தவர் யார், எந்தக் கிணற்றில் எந்த ஆண்டுவரை நாம் இறங்க முடியாமல் இருந்தோம், ஊர்ச் சாக்கடை எந்தத் தெரு முனையில் முடிகிறது என்ற மூன்றையும் எழுதிவிட்டுப் போங்கள். பாட்டிகள் வந்திருந்தால் அவர்கள் சொல்லச் சொல்லப் பேரப் பிள்ளைகள் எழுதட்டும். தேநீர் அங்கேயே கொடுக்கிறார்கள்.