நிலவறை

பேய்ப் படங்களில் எனக்கு ருசி கிடையாது. ஆனால், அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்து இளைஞர்கள் சிலர், ஜார்ஜ் ரொமெரோவின் டைரக்‌ஷனில், சுமார் 1,14,000 டாலரில் எடுத்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ படத்தை என்னால் மறக்க முடியவில்லை. ரத்தத்துக்குச் சாக்லேட் பாகு. நடிப்பும் சீராக இல்லை. இருந்தும் என்ன?

செத்தவர்கள் எழுந்து மனிதரைத் தின்ன வருகிறார்கள். ஒரு பண்ணை வீட்டுக்குள் ஏழு பேர் அடைபடுகிறார்கள். நிலவறையில் ஒளிவோம் என்கிறான் கூப்பர் என்ற சுயநலக்காரன். மேலே நின்று தடுப்போம் என்கிறான் கதாநாயகன் பென். நம் மனம் பென்னோடுதான் நிற்கிறது. கடைசியில் அவன் ஒருவனே விடியும்வரை பிழைக்கிறான். அதுவும், தான் வேண்டாமென்ற அந்த நிலவறைக்குள் புகுந்துதான்! நல்லவன் சொன்னது பிசகு என்று எழுத எனக்கு இன்றுவரை துணிவு வந்ததில்லை.

காலையில் காப்பாற்ற வந்த கூட்டம் பென்னையும் பிணமென்று எண்ணிச் சுட்டுவிடுகிறது. அந்த வேடத்தில் நடித்த ட்யூவேன் ஜோன்ஸ் ஒரு கறுப்பர். படம் திரைக்கு வந்தது 1968 அக்டோபரில். அந்த ஏப்ரலில்தான் மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். படப்பிடிப்பு அதற்கு முன்பே முடிந்துவிட்டது. ஆனாலும், அந்தக் கடைசிக் குண்டு வெறும் கதையாக யார் காதில் விழுந்திருக்கும்?