கரியும் கனலும்: தீமூட்டல் எளிதான வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மனிதன் நெருப்பைக் கண்ட காலம் பற்றி எழுதியோர் பலர். அந்நெருப்பை நாள்தோறும் மூட்டியவர்கள் பட்ட பாடு பற்றி எழுதியோர் மிகச் சிலரே. போர்களும் உடன்படிக்கைகளும் வரலாற்று நூல்களில் பெறும் இடத்தை அடுப்பங்கரை பெறுவதில்லை. ஆயினும், சமுதாய மாற்றங்கள் பல தம் சுவடுகளை அடுப்பங்கரையிலேயே தெளிவாக விட்டுச் சென்றுள்ளன. அத்தகைய ஒரு சுவட்டைப் பின்தொடர்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஐக்கிய அமெரிக்காவில், வார இறுதிகளில் வீட்டுப் பின்வளவிலே கரியைக் கனலச் செய்து, அதன்மேல் கம்பித்தட்டி வைத்து இறைச்சி வாட்டி உண்ணும் வழக்கம் பரவலாக உண்டு. இதனைப் ‘பார்பிகியூ’ என்பர். கரீபியன் தீவுகளின் ஆதிக்குடிகள் வழங்கிய சொல்லொன்று ஸ்பானிய மொழியினூடாக ஆங்கிலத்திற் புகுந்து இவ்வடிவம் பெற்றது. இவ்விருந்தில் ஈடுபடும் எவரும் முதலில் எதிர்கொள்ளும் வினா ஒன்றுண்டு: கரியை எளிதில் மூட்டுவது எங்ஙனம்? இச்சிறு வினாவுக்குக் காலந்தோறும் கண்ட விடைகளை ஆராயின், ஒருவருக்கு எளிதானது பிறிதொருவருக்கு எவ்வாறு சுமையாயிற்று என்னும் பெரிய வினா அதனுள் அடங்கியிருத்தல் புலனாகும்.

கரியின் இயல்பு

மரத்தைக் காற்று அதிகம் புகாதவாறு மூடிச் சூடேற்றும்போது அதிலுள்ள நீரும், தாரும், எரியக்கூடிய வாயுக்களும் வெளியேறிவிடுகின்றன. எஞ்சுவது பெரும்பாலும் காபனே. விறகு எரியும்போது நாம் காணும் சுவாலை அவ்வாயுக்களின் சுவாலையாகும். அவற்றை முன்னரே இழந்துவிட்டமையாலேயே கரி புகையின்றிக் கனல்கிறது. அதே காரணத்தினாலேயே அது நெருப்புக்குச்சி ஒன்றுக்கு இலகுவில் மசிவதில்லை. கரியின் எரிதல் அதன் மேற்பரப்பில், ஒட்சிசன் தொடும் இடத்தில் மாத்திரமே நிகழ்கின்றது. தனித்துக் கிடக்கும் கரித்துண்டு தான் பிறப்பிக்கும் வெப்பத்திலும் கூடுதலாக இழப்பதால் அணைந்துவிடும். ஒன்றையொன்று அணைத்து வைத்த துண்டுகளோ தம்முள் வெப்பத்தைப் பரிமாறிக் கனன்றுகொண்டிருக்கும்.

எனவே கரியை மூட்டுவதற்கு மூன்று தேவைகள் உள: சிறிது நேரம் நிலைத்து நிற்கும் தொடக்க வெப்பம், துண்டுகளின் நெருக்கம், தடையற்ற காற்று. பொற்கொல்லரின் ஊதுகுழலும் கருமானின் துருத்தியும் மூன்றாவது தேவையை நிறைவு செய்தவை. பிற்காலத்தில் தோன்றிய ‘எளிய வழிகள்’ யாவும் இம்மூன்றில் ஒன்றையோ பலவற்றையோ நிறைவு செய்வன என்பதை மனங்கொள்ளல் வேண்டும்.

தீயைக் காத்த காலமும் குச்சியின் வருகையும்

பண்டைய இல்லங்களில் தீ மூட்டப்பட்டதிலும் பார்க்கக் காக்கப்பட்டதே அதிகம். இரவில் கனலைச் சாம்பலால் மூடி வைத்து, விடியலில் கிளறி எடுப்பர். ‘நீறு பூத்த நெருப்பு’ என நாம் உவமையாக வழங்குவது அந்நாளில் அன்றாட நடைமுறை. மத்தியகால ஐரோப்பாவில் இரவு மணி ஒலித்ததும் அடுப்புத் தீயை மூடுதல் வேண்டும் என்ற கட்டளை இருந்தது. இன்று ‘ஊரடங்கு’ என நாம் மொழிபெயர்க்கும் ஆங்கிலச் சொல், ‘தீயை மூடு’ எனப் பொருள்படும் பிரெஞ்சுத் தொடரிலிருந்து பிறந்ததேயாகும். தீ அணைந்துவிட்டால் அயல்வீட்டிற் கனல் வாங்கவேண்டும். அன்றேல் சிக்கிமுக்கிக் கல்லோடு போராடவேண்டும். இக்காவற்பணி பெரும்பாலும் பெண்களின் தோள்களிலேயே சுமத்தப்பட்டிருந்தது.

இங்கிலாந்தின் ஸ்டொக்டன் நகரைச் சேர்ந்த ஜோன் வோக்கர் 1827இல் உராய்வினால் எரியும் குச்சிகளை விற்கத் தொடங்கியமை இந்நிலையை மாற்றிற்று. தொடர்ந்து 1830களில் வெண் பொசுபரசு சேர்த்த குச்சிகள் பரவின. எங்கு உரசினும் தீப்பற்றும் இக்குச்சிகள் மக்களுக்குப் பெருவசதி அளித்தன. ஆனால் அவற்றைச் செய்த தொழிலாளர், பொசுபரசு ஆவியால் தாடையெலும்பு அழுகும் கொடுநோய்க்கு ஆளாயினர். 1888இல் இலண்டன் கிழக்குப் பகுதியில் பிரையன்ட் அன்ட் மே தொழிற்சாலையின் பெண்களும் சிறுமியருமாகச் சுமார் 1,400 பேர் வேலைநிறுத்தஞ் செய்தமை தொழிலாளர் இயக்க வரலாற்றில் ஒரு திருப்புமுனை. தண்டப்பணமும் குறைந்த கூலியும் போன்று, பொசுபரசும் அவர்தம் குறைகளுள் ஒன்றாயிருந்தது.

இதில் ஒரு முரண்பாடு நோக்கற்பாலது. நஞ்சற்ற செம்பொசுபரசைப் பெட்டியின் பக்கத்திற் பூசும் முறைக்குச் சுவீடனின் குஸ்தாவ் எரிக் பாஷ் 1844இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். 1850களில் லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர் அத்தகைய குச்சிகளைப் பெருமளவில் உற்பத்தி செய்யத் தொடங்கினர். மாற்று வழி கைக்கெட்டியிருந்தும், பின்லாந்து 1872இலும் டென்மார்க் 1874இலும் தடைவிதித்த பின்னரும், பேர்ண் சர்வதேச உடன்படிக்கை 1906இலேயே உருவாயிற்று. பிரித்தானியாவின் தடை 1910இலேயே நடைமுறைக்கு வந்தது. அறிவு தாமதிக்கவில்லை, மலிவான குச்சியைக் கைவிடும் மனமே தாமதித்தது.

தொழிற்சாலைக் கழிவிலிருந்து விருந்துக்கு

கைத்தொழிற்புரட்சிக்கு முன்னர் இரும்புருக்கலின் உயிர்நாடியாகக் கரி விளங்கிற்று. 1709இல் ஏபிரகாம் டாபி கற்கரியைக் கொண்டு இரும்பை உருக்கியதிலிருந்து அதன் செல்வாக்குப் படிப்படியாகச் சரிந்தது. வீடுகளிலும் வாயுவும் மின்சாரமும் புகுந்தன. தேவையற்றுப் போகவேண்டிய கரி, இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவிலே எதிர்பாராத ஒரு வாயிலால் மீண்டும் வந்தது.

மோட்டார் வண்டிகளின் உடற்பகுதிகளுக்குப் பெருந்தொகை மரம் தேவைப்பட்டமையால், ஹென்றி ஃபோர்ட் மிச்சிகன் மாநிலத்தின் அயன் மவுண்டன் பகுதியில் காடுகளை வாங்கி மர ஆலையொன்றை நிறுவினார். இம்முயற்சியில் அவருக்குத் துணைநின்றவர் அவருடைய உறவுப் பெண்ணின் கணவரான எட்வேட் கிங்ஸ்ஃபோர்ட். ஆலையில் குவிந்த மரக்கழிவை வீணாக்க விரும்பாத ஃபோர்ட், 1920களில் அதனை வடித்து மெதனோல் போன்ற இரசாயனப் பொருட்களைப் பெற்றார். எஞ்சிய கரியைப் பொடியாக்கி, மாப்பொருளுடன் பிசைந்து, சிறு தலையணை வடிவிலான கட்டிகளாக அழுத்தி விற்றார். கரிக்கட்டி என்னும் எண்ணம் அவருக்கே உரியதன்று. பென்சில்வேனியாவைச் சேர்ந்த எல்ஸ்வர்த் சுவோயர் 1897இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். ஃபோர்ட் செய்தது அதனைப் பேருற்பத்திப் பண்டமாக்கியதும், தம் மோட்டார் விற்பனை நிலையங்களின் மூலமே விற்றதுமாகும். வண்டி வாங்கியவர் அதில் ஏறி வெளியூர் சென்று சமைத்துண்ணக் கரியும் அங்கேயே கிடைத்தது. 1951இல் இக்கரித் தொழில் கைமாறி, கிங்ஸ்ஃபோர்டின் பெயரைச் சூடிக்கொண்டது.

கழிவுக்குச் சந்தை தேடியதன் விளைவாகவே இக்கட்டி பிறந்தது. அது ஒரே அளவினது. நெடுநேரம் சீராகக் கனல்வது. ஆனால் இறுக அழுத்தப்பட்டமையால் சாதாரண மரக்கரியிலும் பார்க்க மூட்டுவதற்குக் கடினமானது. ஆக, ‘எளிதில் மூட்டுவது எங்ஙனம்?’ என்ற வினாவைக் கூர்மையாக்கியதில் இப்பண்டத்துக்கும் பங்குண்டு.

பின்வளவும் எரிதிரவமும்

இரண்டாம் உலகப் போரின் பின்னர் அமெரிக்கப் புறநகர்கள் வேகமாக வளர்ந்தன. நியூயோர்க்கிற்கு அருகே 1947இல் தொடங்கிய லெவிற்றவுன் குடியிருப்பு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. வீட்டுக்கு வீடு ஒரு பின்வளவு அமைந்தது. 1952இல் சிக்காகோவின் வெபர் பிரதர்ஸ் உலோகத் தொழிலகத்தில் பணிபுரிந்த ஜோர்ஜ் ஸ்டீபன், கடல்மிதவை செய்வதற்கான உலோக அரைக்கோளங்களைக் கொண்டு, மூடியும் காற்றுத் துளைகளும் உடைய அடுப்பை உருவாக்கினார். இதன் பின்னர் கரியடுப்பு புறநகர் வாழ்வின் அடையாளச் சின்னமாயிற்று.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறத்தலாகாது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் குழி வெட்டி, வன்மரத்தை எரித்துக் கனலாக்கி, இரவு முழுவதும் காத்திருந்து இறைச்சி வாட்டும் கலையைப் பெரிதும் வளர்த்தோர் அடிமைகளாயிருந்த ஆபிரிக்க மக்களும் அவர்தம் வழித்தோன்றல்களுமேயாவர். லெவிற்றவுனின் தொடக்ககால ஒப்பந்தங்களோ கறுப்பின மக்கள் அங்கு குடியேறுவதைத் தடைசெய்தன. கலை பின்வளவுக்குள் புகுந்தது. கலையைக் காத்தவர் வாயிலில் நிறுத்தப்பட்டனர்.

இரவெல்லாம் தீக்காத்தவரின் அனுபவம் புறநகர்வாசிக்கு இல்லை. அவருக்குப் பொறுமையும் இல்லை. அக்குறையை நிரப்பப் பெற்றோலியத்திலிருந்து வடித்த எரிதிரவம் சந்தைக்கு வந்தது. கரியின்மேல் ஊற்றிக் குச்சியொன்றைக் கிழித்தாற் போதும். கரி இழந்துவிட்ட எரிவாயுக்களுக்குப் பதிலாக, வெளியிலிருந்து கொணர்ந்த ஐதரோகாபன்கள் தொடக்க வெப்பத்தை அளித்தன. மூட்டிய கரி மங்குவதாகக் கருதி மீண்டும் திரவத்தை ஊற்றுவோர் மீது சுவாலை பாய்ந்து தீக்காயம் விளைதலும் வழக்கமாயிற்று.

தீங்கு அத்துடன் நிற்கவில்லை. கலிபோர்னியாவில் பணியாற்றிய ஒல்லாந்து நாட்டு அறிஞர் ஹாகன் சிமித், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரைச் சூழ்ந்த புகைமூட்டம் எவ்வாறு தோன்றுகிறது என்பதை 1950களின் தொடக்கத்தில் நிறுவினார். வளியிற் கலக்கும் ஐதரோகாபன்களும் நைதரசன் ஒட்சைட்டுக்களும் சூரிய ஒளியில் தாக்கமுற்று ஓசோன் உண்டாகின்றது என்பது அவர் கண்ட முடிபு. இப்புகைமூட்டத்துக்கு மோட்டார் வண்டிகளும் எண்ணெய்த் தொழிலுமே முதன்மைக் காரணங்கள். ஆயினும் பின்வளவில் ஆவியாகும் எரிதிரவமும் அக்கணக்கில் ஒரு சிறு பங்கினது. இதனால் தென் கலிபோர்னியாவின் வளித்தர அதிகாரசபை 1990இல் விதியொன்றை இயற்றி, மூட்டும் பொருட்கள் வெளிவிடும் ஆவிக்கு எல்லை வகுத்தது.

தகரக் குழாயின் பாடம்

இவ்வரலாற்றில் வேறுபட்டு நிற்கும் விடை ஒன்றுண்டு. இருபுறமும் திறந்த தகர உருளை. அதன் கீழ்ப்பகுதியில் ஒரு கம்பித்தட்டி. பக்கங்களிற் காற்றுத் துளைகள். தட்டியின் கீழ் இரண்டொரு தாள் பழைய பத்திரிகையைக் கசக்கி வைத்து, மேலே கரியை நிரப்பி, தாளுக்குத் தீயிட்டால் பதினைந்து இருபது நிமிடத்தில் கரி முழுவதும் கனன்று, மேல்துண்டுகளில் வெண்சாம்பல் படரும். பழைய கோப்பித் தகரத்தின் அடியை அகற்றித் துளையிட்டு இதனைச் செய்துகொள்வோரும் உளர். சூடேறிய வளி அடர்த்தி குறைந்து மேலெழ, கீழிருந்து புதுவளி உட்புகும். உருளையின் சுவர் துண்டுகளை நெருக்கி வைத்து வெப்பத்தையும் காக்கும். முன்னர் கூறிய மூன்று தேவைகளும் ஒருங்கே நிறைவுறுகின்றன. புகைபோக்கியின் இவ்விழுவிசையை ரம்ஃபோர்ட் பிரபு 1796இலேயே ஆராய்ந்து எழுதினார். இங்கே எளிமை, புதியதொரு பொருளைச் சேர்ப்பதால் அன்றி, உள்ளதன் இயல்பை அறிவதால் கிட்டியது.

எனினும் இவ்விடையும் முழுமையானதன்று. கரி கனலும்போது கண்ணுக்கும் மூக்குக்கும் புலப்படாத காபனோரொட்சைட்டு வெளியேறும். மூடிய அறையினுள் கரியடுப்பு வைப்பது உயிருக்கு உலை. மேலும், கரியின் புகையின்மையே ஓர் இடமாற்றந்தான்: புகை ஒழிவதில்லை; கரி சுட்ட இடத்தில் தங்கிவிடுகிறது. இது எம் நாட்டுக்கும் அந்நியமன்று. தேங்காய்ச் சிரட்டையைக் குழியிலிட்டுச் சுடும் கிராமத்தவர் புகையைத் தாம் ஏற்று, தூய கரியைப் பிறருக்கு அளித்து வந்துள்ளனர். முதலாம் உலகப் போரில் நச்சுவாயுவைத் தடுக்கும் முகமூடிகளில் சிரட்டைக்கரி பயன்பட்டது. இன்றும் அதிலிருந்து செய்யப்படும் உயிர்ப்பூட்டிய காபன் இலங்கையின் ஏற்றுமதிப் பண்டங்களுள் ஒன்றாகும். பிறர் மூச்சைத் தூய்மையாக்கும் பொருள், அதனைச் செய்தவரின் மூச்சை மாசாக்கியது.

தொகுத்து நோக்குமிடத்து, கரியை மூட்டுதல் எளிதான ஒவ்வொரு கட்டத்திலும் உழைப்பும் தீங்கும் மறையவில்லை. இடம் மாறின என்பது தெளிவு. அவை நெருப்புக்குச்சி செய்த சிறுமியின் தாடைக்கும், நகரத்தின் வளிக்கும், சிரட்டை சுட்டவரின் மார்புக்கும் சென்றன. எளிமையை வெறுத்தொதுக்குதல் இதன் முடிபாகாது. தீக்காத்த பெண்களின் சுமை குறைந்தமை நன்மையே. ஆனால் ஒரு வசதி நம்முன் வைக்கப்படும்போது, அதன் விலையைச் செலுத்துவோர் யாவர் எனக் கேட்டல் வேண்டும். செம்பொசுபரசும் தகரக் குழாயும் காட்டுவதுபோல், அவ்விலையைக் குறைக்கும் வழி பல வேளைகளில் முன்னரே அறியப்பட்டிருக்கும். அதனைக் கைக்கொள்ளச் செய்தவை சட்டமும், வேலைநிறுத்தமும், அறிவாராய்ச்சியும் ஆகும். கற்றோரின் கடமை அங்கேயே தொடங்குகின்றது.