ஒஸ்கார் மேடையைத் தொகுத்தவர்களும் போர்க்கால இரவுகளும்

ஒஸ்கார் விருது விழாவை பொப் ஹோப் 19 தடவைகள் தொகுத்து வழங்கினார். முதல் தடவை 1940இல், கடைசித் தடவை 1978இல். வேறெவரும் அந்த எண்ணிக்கைக்குக் கிட்டவும் வரவில்லை. ஆனால் நடிப்புக்கான ஒஸ்காருக்கு அவருடைய பெயர் ஒருமுறைகூடப் பரிந்துரைக்கப்பட்டதில்லை. அந்தக் குறையையே பகிடியாக்கிச் சபையைச் சிரிக்க வைத்தார். பாவம் பார்த்தோ என்னவோ, அகடமி அவருக்கு ஐந்து தடவைகள் சிறப்பு விருதுகளைக் கொடுத்தது.

9 தடவைகள் மேடையேறிய பில்லி கிரிஸ்டலும் பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றதில்லை. விழாவை நடத்துகிறவர் வேறு, விருது வாங்குகிறவர் வேறு என்பது ஹொலிவூட்டில் எழுதாத வழக்கமாகவே இருந்து வந்திருக்கிறது. 1929 மே 16இல் நடந்த முதல் விழாவை அப்போதைய அகடமித் தலைவரான நடிகர் டக்ளஸ் ஃபெயார்பாங்ஸ் நடத்தினார். விருது கொடுக்கும் வேலை சுமார் 15 நிமிடங்களில் முடிந்துவிட்டது. பின்னர் வானொலி வந்தது. 1953இல் தொலைக்காட்சியும் வந்தது. நேரடி ஒலிபரப்பில் தடுமாறாமல் பேசக்கூடிய, பிழைத்துப்போன கணத்தையும் சிரிப்பாக்கக்கூடிய ஆள் தேவைப்பட்டார். நகைச்சுவை மேடையிலும் வானொலியிலும் பழகியவர்களுக்கே அது கைவந்தது.

இதற்கு விலக்கானவர் டேவிட் நிவென். 1959ஆம் ஆண்டு விழாவின் தொகுப்பாளர்கள் ஆறு பேரில் அவரும் ஒருவர். அன்றிரவே ‘செப்பரேட் டேபிள்ஸ்’ படத்துக்காகச் சிறந்த நடிகர் விருதையும் பெற்றார். தான் தொகுத்த விழாவிலேயே ஒஸ்கார் வென்றவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். அதே இரவு ஜெரி லூயிஸுக்கோ சோதனை. நிகழ்ச்சி 20 நிமிடங்கள் முந்தியே முடிந்துவிட, மிஞ்சிய நேரத்தை நிரப்பும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. ஆடிப் பார்த்தார், வாத்தியக் குழுவை நடத்திப் பார்த்தார். கடைசியில் ஒளிபரப்பை இடையில் நிறுத்திவிட்டார்கள். அதன்பின் லூயிஸ் அந்த விழாவைத் தொகுக்கவில்லை. அகடமி அவருக்கு மனிதநேய விருது வழங்கியது 2009இல், சரியாக 50 ஆண்டுகள் கழித்து.

இனி எனக்கு முக்கியமாகப் படும் விடயத்துக்கு வருகிறேன். வெளியே போர் நடக்கும்போது இந்த மேடையில் நிற்பவர் என்ன செய்வார்?

ஹோப்பின் புகழில் பாதி போரோடு வந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கப் படையினர் இருந்த இடங்களுக்கே போய் நிகழ்ச்சி நடத்தினார். அந்த நாட்களில் உலோகத் தட்டுப்பாட்டால் ஒஸ்கார் சிலைகள்கூட மூன்று ஆண்டுகள் வர்ணம் பூசிய பிளாஸ்டரில் செய்யப்பட்டன. 1964 முதல் 1972 வரை ஒவ்வொரு நத்தாருக்கும் வியட்நாம் போனார். அந்தப் போரை வெளிப்படையாக ஆதரித்தார்.

1975 ஏப்ரல் 8ஆம் திகதி விழாவில் சிறந்த ஆவணப்படமாகத் தெரிவானது, வியட்நாம் போரைக் கேள்வி கேட்ட ‘ஹார்ட்ஸ் அன்ட் மைன்ட்ஸ்’. விருதைப் பெற்ற தயாரிப்பாளர் பேர்ட் ஷ்னைடர், பாரிஸ் பேச்சுவார்த்தையில் இருந்த வியட்நாம் புரட்சி அரசாங்கத் தூதுக்குழுவின் தந்தியொன்றை வாசித்தார். அமெரிக்க மக்களுக்கு நட்பும் வாழ்த்தும் சொல்லும் தந்தி அது. சைகோன் வீழ்வதற்கு இன்னும் சுமார் மூன்று வாரங்களே இருந்தன அல்லவா, மேடைக்குப் பின்னால் இருந்த ஹோப் கொதித்துப்போனார். மறுப்பு ஒன்றை எழுதினார். இன்னொரு தொகுப்பாளரான பிராங்க் சினாட்ரா அதை மேடையில் வாசித்தார்: நிகழ்ச்சியில் இடம்பெற்ற அரசியல் கருத்துகளுக்கு அகடமி பொறுப்பல்ல, அவை இடம்பெற்றதற்கு வருந்துகிறோம் என்பது அதன் சாரம். சக தொகுப்பாளரான ஷேர்லி மக்லெய்ன் இதற்காகச் சினாட்ராவோடு முரண்பட்டார்.

குண்டு விழுந்த பக்கத்தில் இருந்து வந்த ஒரு வாழ்த்துக்கு மன்னிப்புக் கேட்கப்பட்டது என்றுதான் நான் இதை வாசிக்கிறேன். போருக்குள் இருந்தவர்களின் சொல் ஒரு மேடைக்கு வந்து சேர்வது எவ்வளவு அரிது என்பதை எங்கள் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இருந்தும் அந்த இரவு எவருடைய தொழிலையும் கெடுக்கவில்லை. 1978இல் ஹோப் மறுபடியும் மேடையில் நின்றார். மக்லெய்ன் 1984இல் சிறந்த நடிகை ஆனார்.

2003 மார்ச் 23இல் ஸ்டீவ் மார்ட்டினுக்கு வந்ததும் இதே சோதனைதான். ஈராக் மீதான போர் தொடங்கிச் சில நாட்களே ஆகியிருந்தன. ஆவணப்பட விருது பெற்ற மைக்கேல் மூர் ஜனாதிபதி புஷ்ஷைக் கண்டித்தபோது சபையின் ஒரு பகுதி கூச்சலிட்டது. மார்ட்டின் மறுப்பு எதுவும் வாசிக்கவில்லை. மூரைக் காரின் டிக்கிக்குள் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு பகிடி விட்டார். கோழைத்தனம் என்று சொல்பவர்கள் சொல்லலாம். 1975இல் நடந்ததை விட அது மேல் என்பது என் எண்ணம். மார்ட்டினுக்கும் போட்டிப் பிரிவில் ஒஸ்கார் இல்லை. 2013இல் கௌரவ விருதுதான் கிடைத்தது.

வூப்பி கோல்ட்பேர்க் கதை வேறு. ‘கோஸ்ட்’ படத்துக்காக 1991இல் விருது வாங்கிக்கொண்டுதான் 1994இல் தொகுப்பாளராக வந்தார். விழாவைத் தனியாக நடத்திய முதல் பெண் அவரே, முதல் கறுப்பினத்தவரும் அவரே. செப்டெம்பர் 11 தாக்குதலுக்குப் பிந்திய முதல் விழாவையும், 2002இல், அவரிடமே கொடுத்தார்கள்.

நட்சத்திர நடிகர்களைக் கொண்டு நடத்திய விழாக்களில் எங்களவர்கள் மறக்காதது 2009. ‘வுல்வரின்’ புகழ் ஹியூ ஜக்மன் ஆடிப் பாடித் தொகுத்த அந்த இரவில்தான் ஏ. ஆர். ரஹ்மான் இரண்டு விருதுகளை வாங்கி, மேடையில் தமிழிலும் ஒரு வரி சொன்னார். இரண்டு ஆண்டுகள் கழித்து ஜேம்ஸ் பிராங்கோவும் ஆன் ஹத்தவேயும் வந்தார்கள். பிராங்கோ அன்று சிறந்த நடிகர் போட்டியிலும் இருந்தார். விருதும் கிடைக்கவில்லை, தொகுப்பும் எடுபடவில்லை. ஹத்தவே 2013இல் துணை நடிகைக்கான ஒஸ்காரை வென்றார்.

அதன்பின் பெரிய நடிகர்கள் இந்தப் பக்கம் வருவது குறைந்துவிட்டது. சம்பளமும் பெரிதல்ல. 2017 விழாவுக்குத் தனக்கு 15,000 டொலர் கிடைப்பதாக ஜிம்மி கிம்மல் வானொலிப் பேட்டியொன்றில் சொன்னார். 2019 முதல் மூன்று ஆண்டுகள் தொகுப்பாளர் இல்லாமலேயே விழா நடந்தது. 2023இலும் 2024இலும் மீண்டும் கிம்மல், 2025இல் கொனன் ஓ’பிரயன். இருவருமே இரவுநேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளால் பெயர் பெற்றவர்கள்.